கண்ணடிக்கிற லைட்டு

யாரு அம்மிணி உங்ககிட்ட சொன்னது, கண்ணடிக்கிற லைட்டு வூடுன்னு? முக்குல டீக்கடை வெச்சிருக்கானே, அவனுங்களா? நெனச்சேன். வூடு பாக்க வர்றவங்களுக்குத் தடம் சொல்ல அவனுக்கு வேற அடையாளமே கெடைக்கறதில்ல. பச்சைக் கேட்டு வூடுன்னு சொல்லலாம். துளசிமணியக்கா வூடுன்னு சொல்லலாம். இந்த வேலவன் நகர்ல என்னையத் தெரியாதவங்க யாருமில்லீங்க. ஆனா அவன் வாயில அது வராது.

சரி வாங்க, செருப்பு கீழயே கெடக்கட்டும். படியில பாத்து ஏறுங்க. உங்க வூட்டுக்காரரு அடுத்த வாரந்தான் வர்றாருங்களா? பரவால்ல, வூடுங்கறது பொம்பளைங்க பாத்துப் புடிச்சாப் போதும்.

இதானுங்க மேல்வூடு. ஹாலு, அக்கட்டால சமையக்கட்டு, நல்ல தண்ணியும் வருது, உப்புத் தண்ணியும் வருது. ரோட்டுப் பக்கம் பூராவும் கண்ணாடி, பாத்தீங்களா? வெளிய நின்னு பாத்தா உள்ள ஒண்ணுந் தெரியாது. பாக்கறவங்களுக்கு அவங்க மூஞ்சிதான் தெரியும். பேங்குல வேல பாக்கறவங்களாட்ட நாலு எழுத்துப் படிச்சவங்க குடிவர்ற வூடு, கொஞ்சம் பாங்கா இருக்கட்டும்னு நாந்தான் புடிவாதமா... புடிவாதம்னு சொல்லக்கூடாது, எனக்குப் புடிவாதமே கெடையாது. நாந்தான் ஆசப்பட்டுப் போட்டது. எங்கூட்டுக்காரரு சாதா சன்னலே போதும்னாரு. அவரு எதுக்குத்தான் போதும்னு சொல்லல, கல்யாணத்தன்னிக்குப் பந்தியில ரசத்தோட போதும்னு எந்திரிச்சவரு.

ஒக்காருங்க அம்மிணி. லைட்டுக் கதைய நானே முழுசாச் சொல்லிப்போடறேன். அரையுங்கொறையுமா டீக்கடையில கேட்டுட்டு வந்தா வூட்டு மேல ஒரு சந்தேகம் இருந்துட்டே இருக்கும். வூட்டு மேல ஒரு தப்பும் இல்லீங்க. அத மொதல்ல தெரிஞ்சுக்கோங்க.

எதுத்தாப்ல ஓட்டு வூடு ஒண்ணு தெரியுதுங்களா, வாசல்ல வெள்ள வாளி கவுத்து வெச்சிருக்குதே, அது மயிலாத்தா வூடு. நானும் அவளும் ஒட்டுக்கா இந்த எடத்துக்குக் குடி வந்தவங்க. அப்ப இங்க ரெண்டே வூடு, சுத்தியும் சோளக்காடு. அவ வூட்ல பாம்பு வந்தா நான் தடியெடுத்துட்டு ஓடுவேன். எங்கூட்ல வந்தா அவ வருவா. எங்கூட்டுக்காரரு கட்டல் மேல ஏறிக்குவாரு. அவ வூட்டுக்காரரு தவறுனதுக்கப்பறம் இட்லி மாவு ஆட்டி வித்துத்தான் பையன ஆளாக்குனா. பையன் இப்ப ஓசூர்ல இருக்கறான். வான்னு கூப்புடறான், இவ போறதில்ல. பெரிய கிரைண்டரு ஒண்ணு வெச்சிருக்கறா. பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துக்கு, அது ஓட ஆரம்பிச்சா எங்கூட்டுச் சமையக்கட்டுல பாத்திரம் லேசா அதிரும். ஆட்டி முடிச்சதும் ஒரு தூக்கு மாவு எங்கூட்டுக்கு வந்துரும். நான் எதாச்சும் வெச்சிருந்தா அதே தூக்குல போட்டுக் குடுப்பேன். இப்படித்தான் இருந்துச்சு.

போன வருசம் ஆடிக்கு முன்னால இந்த வீதியில இருந்த பழைய டியூப்லைட்டெல்லாங் கழட்டிப்போட்டு எல்இடி லைட்டு மாட்டுனாங்க. எங்கூட்டு முன்னால நிக்கற கம்பத்துலயும் ஒண்ணு. இதோ பாருங்க, கண்ணாடிக்கு நேரா தலைய நீட்டிட்டு நிக்குதே, அதான். மாட்டுன அன்னிக்குப் பகலாட்ட வெளிச்சம். ரோட்டுல எறும்பு போறது தெரிஞ்சுது. நானும் மயிலாத்தாளும் கேட்டுக்கிட்ட நின்னு அதையே பாத்துட்டு இருந்தோம். இனி உன்ற மூஞ்சிய ராத்திரியிலயும் பாக்கோணுமான்னு கேட்டா அவ. அப்படித்தான் பேசுவா.

அதுக்கப்பறந்தான் இந்தக் கண்ணாடி வந்து மாட்டுனது. மாட்டுன ஆளுங்க ஏணிய எடுத்துட்டுப் போன மறுநாளே லைட்டுக்குச் சீக்கு வந்துருச்சு. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. எப்ப நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியறதுக்காகச் சொல்றேன்.

சீக்குன்னா எப்படி? பொழுது உழுந்ததும் பளிச்சுன்னு எரியும். சித்த நேரத்துல பட்டுன்னு அணைஞ்சுரும். சரி, போச்சுன்னு நாம உள்ள திரும்புவோம், மறுபடி எரியும். சரி, வந்துருச்சுன்னு வெளிய வருவோம், அணைஞ்சுரும். விடியற வரைக்கும் இதே வேல. மத்த கம்பத்து லைட்டெல்லாம் ஒழுங்கா எரியுது. எங்கூட்டு முன்னால இருக்கறது மட்டும் கண்ணடிக்குது. பசங்க அத வெச்சு ஒரு வெளையாட்டே கண்டுபுடிச்சுட்டாங்க. லைட்டு அணைஞ்சா இருந்த எடத்துலயே செலையாட்ட நிக்கோணும். மறுபடி எரியறப்ப எவன் அசையறானோ அவன் அவுட்டு. எங்கிருந்தெல்லாமோ பசங்க வந்து எங்கூட்டு வாசல்ல நிப்பாங்க. ஒருநாள் எங்கூட்டுக்காரரும் கேட்டுக்கிட்ட நின்னுட்டு இருந்தாரு. சாப்புட வாங்கன்னு கூப்புடறேன், திரும்பவே இல்ல. காதுல உழுகலையாட்ட இருக்குதுன்னு கிட்டப் போயி ஏனுங்கன்னு கூப்புட்டேன். லைட்டு எரிஞ்சு கொஞ்சங்கழிச்சுத்தான் மூச்சே உட்டாரு. கேட்டா, அவரும் ஆட்டத்துல இருக்கறாராம்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. பால்காரன் உள்ள தண்ணி எறங்கிருச்சுன்னான். அப்ப ஒரு சொட்டு மழை பேயல. மூலை வூட்டு மாமா எங்கியோ ஒயர் லூசா இருக்குது, காத்துக்கு ஆடுதுன்னாரு. சூடு தாங்காம அணைஞ்சு, ஆறுனதும் எரியுதுன்னு ஒருத்தன் சொன்னான். வோல்டேஜ் ஏறி எறங்குனா எல்இடிக்கு ஆகாதுன்னு இன்னொருத்தன் சொன்னான். இது எனக்குப் புடிச்சுது. புடிச்சுதுன்னா, சரின்னு பட்டுது. வோல்டேஜ் எதனால எறங்கும்? பெருசா எதாச்சும் கரண்ட்ட இழுத்தா எறங்கும். இந்த வீதியில பெருசா கரண்ட்ட இழுக்கறது எது?

நானே வாசல்ல சேரு போட்டு ஒக்காந்து பாத்தேனுங்க. கிரைண்டரு ஓடற சத்தங் கேக்குது, லைட்டு அணையுது. லைட்டு எரியுது, அப்பவும் சத்தங் கேக்குது, ஆனா கொஞ்சங் கொறைவாக் கேக்கறாப்ல இருந்துச்சு. எங்கூட்டுக்காரரு, கிரைண்டரு பாட்டுக்கு ஒரே சத்தமாத்தானே ஓடுதுன்னாரு. அவருக்குக் காது அவ்வளவா பத்தாது.

மனசுல வெச்சுட்டு இருக்கறது எனக்குப் பழக்கமில்ல. நேராப் போயி மயிலாத்தாகிட்டச் சொன்னேன், உன்ற கிரைண்டரு கரண்ட்ட இழுத்துத்தான் லைட்டு இப்படிக் கெடந்து சாகுதுன்னு. மொதல்ல சிரிச்சா. நான் சிரிக்கலைன்னதும் நிறுத்திட்டா.

"கிரைண்டரு எத்தன காலமா ஓடுது, லைட்டு நேத்து வந்தது. பழசப் பாத்துப் புதுசு பயந்துக்குதா?"ன்னா.

எனக்கு அது குத்தலாப் பட்டுச்சு. புதுசுன்னு அவ கண்ணாடியத்தான் சொல்றாளோன்னு. அவ வூடு ஓட்டு வூடுங்களே, எங்கூடு இப்படிப் பளபளன்னு நிக்கறது அவளுக்கு எப்படியிருக்கும்? வூட்டுக்கு வந்து புகார் சொல்ற நம்பருக்குப் போனு பண்ணுனேன். எதுத்த வூட்ல பெரிய கிரைண்டரு ஓடுது, அதனால தெருவெளக்குக் கெட்டுப் போச்சுன்னேன். ஒரு ஆளு வந்து அவ மீட்டரப் பாத்தான். எல்லாஞ் சரியாத்தான் இருக்குது, இருந்தாலும் அந்தம்மா விடாமப் போனு பண்றாங்க, கொஞ்ச நாளைக்கு மத்தியானமா ஆட்டிக்கோங்கன்னு அவகிட்டச் சொல்லிட்டுப் போனானாம். விடாமப் போனு பண்ணல அம்மிணி, எடுக்கற வரைக்கும் பண்ணுனேன். அவ்வளவுதான்.

மயிலாத்தா மறுநாள்ல இருந்து மத்தியானமே ஆட்டிப்போட்டா. அந்த வெயிலுக்கு மாவு பொழுதோடவே பொங்கிப் புளிச்சுருது. வாங்குனவங்க மொகஞ் சுளிச்சாங்க. ஒவ்வொருத்தரா பாக்கெட் மாவுக்குப் போயிட்டாங்க. எங்கூட்டுக்குத் தூக்கு வர்றதும் நின்னு போச்சு. நானும் பாக்கெட்டுதான் வாங்குனேன். அந்தத் தோசைய என்னன்னு சொல்றது, மடிச்சா மடிச்ச எடத்துலயே நிக்கும். எங்கூட்டுக்காரரு அதையுந் தின்னாரு. தின்னுட்டு வாசல்ல போயி நின்னு எதுத்தாப்ல பாப்பாரு. ஒருநாள் ரெண்டு தோசையோட போதும்னாரு. அன்னிக்குத்தான் அவரு சொன்ன போதுங்கறது எனக்கு உறுத்துச்சு.

கிரைண்டரு பொழுதோட ஓடறதில்லையே, அப்ப லைட்டு சரியாப் போச்சான்னு கேப்பீங்க. கேளுங்க. சரியாகல. அதே கண்ணடிப்புத்தான். எப்படி ஆகும்? ஏற்கெனவே கெடுத்தாச்சில்லீங்களா. ஒரு ஆளு வெசத்தக் குடிச்சுட்டு டம்ளரக் கீழ வெச்சா எந்திரிச்சு ஒக்காந்துருவானா? இதத்தான் எங்கூட்டுக்காரருகிட்டயும் சொன்னேன். அவரு பேப்பரால மூஞ்சிய மறச்சுக்கிட்டாரு. பேப்பரு ஆடுச்சு.

அப்பறம் அவ வூட்டு முருங்கை. கம்பத்துப் பக்கம் ஒரு கெள நீட்டிட்டு இருந்துச்சு. காத்தடிச்சா அது ஒயர்ல படுதுன்னு எனக்கு ஒரு ரோசனை. அவகிட்டப் பேசறதில்லையே, வாசல் கூட்டறப்பச் சத்தமா எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன், அந்த முருங்கக் கெள இல்லைன்னா லைட்டு ஒருவேள நல்லாயிருமோ என்னவோன்னு. அன்னிக்கு மத்தியானமே ஆள வெச்சு வெட்டிட்டா. கெளைய மட்டும் இல்லீங்க, ரோசத்துல பாதி மரத்தையே சாச்சுப்போட்டா. காயும் பிஞ்சுமாக் கெடந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அதுல இருந்துதானுங்க இத்தன காலமா எங்கூட்டுச் சாம்பாருக்குக் காய் வந்துட்டு இருந்தது.

அன்னிக்குப் பொழுதோட ரெண்டு பேரும் அவங்கவங்க வாசல்ல நின்னு லைட்டையே பாத்தோம். எரிஞ்சுது. அணைஞ்சுது. அவ உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா.

அதுக்கப்பறம் ஒயர்மேன் வந்தான், சம்பத்துன்னு பேரு. ஒருக்கா வந்து லைட்டையே கழட்டிப்போட்டுப் புதுசு மாட்டிட்டுப் போனான். அதுவுங் கண்ணடிச்சுது. மறுக்கா வந்தான். மேல ஏறிக் கொடஞ்சு பாத்தான், ஒயர இழுத்துப் பாத்தான். பாவம், வேர்த்து ஊத்துது. எறங்கி நின்னு ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சுட்டு அப்படியே மேல பாத்தவன், எங்கூட்டுக் கண்ணாடியப் பாத்தான். லைட்டப் பாத்தான். மறுக்காக் கண்ணாடியப் பாத்தான்.

"அக்கா, இந்த லைட்டுக்குக் கண்ணு ஒண்ணு இருக்குதுங்க. வெளிச்சம் பட்டா விடிஞ்சுருச்சுன்னு நெனச்சு அதுவா அணைஞ்சுக்கும். இருட்டானா எரியும். உங்க கண்ணாடி இதோட வெளிச்சத்தையே திருப்பி இது மூஞ்சியில அடிக்குது. அதான் விடிஞ்சுருச்சு, விடிஞ்சுருச்சுன்னு அணைஞ்சணைஞ்சு எரியுது. கண்ணாடிய மறச்சு ஒரு துணி கட்டிப் பாருங்க"ன்னான்.

எப்படி இருக்குது பாருங்க. கரண்ட்டுல ஓடறது லைட்டு. எங்கூட்டுக் கண்ணாடியில கரண்ட்டு இருக்குதா? சன்னல்ல மாட்டுனது எப்படிங்க கம்பத்துல இருக்கறதக் கெடுக்கும்? நானும் மரியாதையாத்தான் கேட்டேன். தம்பி, நீ படிச்சது கரண்ட்டா, கண்ணாடியான்னு கேட்டேன். ஆச ஆசையாப் போட்ட கண்ணாடிய துணி கட்டி மறைக்கறதுக்கு நான் என்ன எழவு வூடா நடத்தறேன்னு கேட்டேன். கொஞ்சஞ் சத்தமாவும் கேட்டிருப்பேனாட்ட இருக்குது, வீதியில ரெண்டு மூணு கதவு தெறந்துச்சு. மயிலாத்தாளும் அவ கேட்டப் புடிச்சுட்டு நின்னுட்டு இருந்தா. அந்தப் பையன் ஏணிய மடிச்சுட்டே, சரிங்க்கா, கிரைண்டராத்தான் இருக்கும்னான். பாத்தீங்களா? அவன் வாயாலயே வந்துச்சு.

இப்படியே ஐப்பசி வந்துருச்சு. மழை புடிச்சுக்கிச்சு. மாவு வாங்க ஆளு வர்றதில்லைன்னு மயிலாத்தா வாளியத் தூக்கிட்டு வூடு வூடாப் போக ஆரம்பிச்சா. மேல்வூட்டுச் சன்னல்ல இருந்து நான் பாப்பேன். ஒரு பக்கமாச் சாஞ்சுட்டு நடப்பா. போயி ஒரு கை புடிக்கலாம்னு தோணும். அவ கூப்புடட்டும்னு இருந்துருவேன். இதப் புடிவாதம்னு நெனச்சுக்காதீங்க. ஒருத்தி கதவச் சாத்திக்கிட்டா நாமளாப் போயித் தட்டறதுக்கு ஒரு மாதிரி இருக்குமுங்களே, அதான்.

ஒருநாள் பொழுது எறங்குன நேரம், அப்பத்தான் மழை உட்டிருந்துச்சு. லைட்டு எரியுது, பசங்க வெளையாடறாங்க, இவ வாளியோட ரோட்டத் தாண்டறா. நடு ரோட்டுல வர்றப்ப லைட்டு அணைஞ்சுது. அந்த முக்குல இருந்து ஒரு வண்டி திரும்புச்சு. வெளக்கு மட்டுந் தெரியுது, வேகமா வருது. மயிலான்னு நான் கத்துனேன். பிரேக்குச் சத்தம், வாளி உழுகற சத்தம், அவ்வளவுதான் கேட்டுச்சு. ஒண்ணுந் தெரியலீங்க, அவ இருந்த எடம் கும்மிருட்டு. படியில எப்படி எறங்குனேன், கேட்ட எப்படித் தெறந்தேன், ஒண்ணும் ஞாபகமில்ல.

நான் ரோட்டுக்கு வர்றதுக்கும் லைட்டு எரியறதுக்குஞ் சரியா இருந்துச்சு. ரோடு பூராவும் வெள்ள வெளேர்னு மாவு. நடுவுல மயிலாத்தா ஒக்காந்திருக்கறா. வண்டிக்காரன் கொஞ்சந் தள்ளி நிறுத்திப்போட்டுத் திரும்பிப் பாக்கறான், வண்டி அவ மேல படல. சுத்தியும் பசங்க செலையாட்ட நிக்கறாங்க, ஒருத்தங்கூட அசையல. பயத்துல நின்னாங்களா, ஆட்டத்துல நின்னாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவளத் தூக்கலாம்னு ஓடுனேன், மாவுல கால் வெச்சதும் சறுக்கி அவ பக்கத்துலயே நானும் ஒக்காந்துட்டேன்.

அவ கணுக்காலப் புடிச்சுட்டு இருந்தா, வலியில கண்ணுல தண்ணி. என்னைய மேலயுங் கீழயும் பாத்தா.

"நீயும் அவுட்டு புள்ள"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. சிரிக்கறேன்னுதான் நெனச்சேன், பாத்தா அழுதுட்டு இருக்கறேன். அதுக்குள்ள லைட்டு மறுக்கா அணைஞ்சு போச்சு. அதுவும் நல்லதாப் போச்சு, யாருக்குந் தெரியல.

காலு நல்லா வீங்கிருச்சு. எலும்பு முறியல, சுளுக்குத்தான், ஆனா நடக்கக்கூடாதுன்னுட்டாங்க. ஓசூர்ல இருந்து பையன் வந்தான், கூட்டிட்டுப் போறேன்னு நின்னான். நீ போ சாமி, நான் பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டேன். கீழ எங்கூட்ல கட்டல் போட்டு வெச்சுக்கிட்டேன். பாக்கெட் மாவுல தோசை சுட்டுக் குடுத்தேன். ஒரு வாய் தின்னுட்டு என்னைய நிமுந்து பாத்தா. "இதையா புள்ள அந்த மனுசனுக்கு இத்தன நாளாப் போட்டே?"ன்னு கேட்டா. எங்கூட்டுக்காரரு எந்திரிச்சு அந்தப்பக்கம் போயிட்டாரு. அவருக்குக் கண்ணு கலங்கிருச்சுன்னு நெனைக்கறேன்.

அப்ப ஒருநாள், சும்மா பேசிட்டு இருக்கறப்ப, அந்தச் சம்பத்து என்ன சொன்னான்னு மறுக்கா ஒருக்காச் சொல்லுன்னு கேட்டா. கண்ணாடி, கண்ணு, விடிஞ்சுருச்சுன்னு என்னமோ ஒளறுனான்னு சொன்னேன். "ஓ"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்பறம் அதப்பத்தி ஒரு பேச்சு இல்ல.

கொஞ்சம் நடமாட்டம் வந்ததும் அவ வூட்டுக்குப் போயிட்டா. பொழுதோட வாசல்ல சேரு போட்டு, கால ஸ்டூல் மேல தூக்கி வெச்சுட்டு, இந்தப் பக்கமே பாத்துட்டு ஒக்காந்திருப்பா. என்னையத்தான் பாக்கறாளாட்ட இருக்குதுன்னு நானும் கையக் காட்டுவேன். அவளுங் காட்டுவா. அப்பறம் பாத்தா, ஒக்காந்த எடத்துலயே எதையோ தெச்சுட்டு இருக்கறா. கெட்டித் துணி, கரும்பச்சை. ஒருநாள் அதச் சுருட்டி எடுத்துட்டு நொண்டிக்கிட்டே வந்தா. என்னைய இத்தன நாள் வெச்சுப் பாத்தே, உனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல, உன்ற மேல்வூட்டுக் கண்ணாடிக்கு வெளிப்பக்கமாப் போடறதுக்கு ஒரு படுதா தெச்சேன்னா. வெயிலு பட்டுக் கண்ணாடி மங்கிப் போயிருமாமே, உன்ற கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகக்கூடாது பாருன்னா.

பாருங்க அம்மிணி, எந்தக் கண்ணாடியப் பாத்து அவளுக்குப் பொறாமைன்னு நெனச்சேனோ, அதுக்கே தெச்சுட்டு வந்து நிக்கறா. எங்கூட்டுக்காரருகிட்ட ஒரு ஆணி அடிக்கச் சொன்னா அடுத்த தீவாளி நோம்பிக்குத்தான் அடிப்பாரு. அன்னிக்கு நான் சொல்றதுக்கு முன்னாலயே ஸ்டூலத் தூக்கிட்டு மாடிக்குப் போயிட்டாரு. கொக்கியெல்லாம் அவரு முன்னாலயே வாங்கி வெச்சிருந்தாராட்ட இருக்குது. எப்ப வாங்குனாருன்னு கேட்டேன், காதுல உழுகல.

வெயிலுக்குன்னு தெச்ச படுதாவ அவ பகல்ல சுருட்டி வெச்சுப்போட்டு, பொழுதோடதான் எறக்கி உடறா. எறக்கறதுக்குன்னு தெனமும் அவளே வர்றா. வேண்டாம் புள்ள, நான் எறக்கிக்கறேன்னு சொன்னா, காலுக்குப் படியேறி எறங்கோணும்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு, என்ற வூட்ல படியே கெடையாதேங்கறா. எந்த டாக்டரு சுளுக்குக்குப் படியேறச் சொன்னாரோ. ஆனா வரட்டும். எறக்கிட்டு இங்கயே ஒக்காந்து ரெண்டு பேரும் காப்பி குடிப்போம்.

லைட்டுங்களா? படுதா மாட்டுன அன்னிக்கே நல்லாயிருச்சு. அன்னிக்குப் பொழுதோட எரிஞ்சது, விடியற வரைக்கும் கண்ணு மூடல. பசங்க கொஞ்ச நேரம் காத்திருந்து பாத்துட்டு, ஏமாந்து போயிட்டாங்க. எங்கூட்டுக்காரருகூட அவங்களோட கொஞ்ச நேரம் நின்னாரு. எப்படி நல்லாச்சுன்னு எனக்கு ஒரே ரோசனை. மயிலாத்தாகிட்டயே கேட்டுப்போடலாம்னு, அவ படுதாவ எறக்கிட்டு இருக்கறப்பக் கேட்டேன்.

"மயிலா, இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. கிரைண்டருதானே?"

கயித்தக் கொக்கியில சுத்திட்டு இருந்தவ அப்படியே நின்னா. எங்கூட்டுக்காரரு பேப்பர எறக்கிட்டு அவளப் பாத்தாரு. அவ அவரப் பாத்தா. அப்பறம் கயித்த மெதுவா முடிச்சுப் போட்டுட்டு எம்பக்கந் திரும்புனா.

"ஆமா புள்ள. கிரைண்டருதான். ஓடி ஓடி பெல்ட்டு தேஞ்சு போயிருந்துச்சு. இப்ப மாத்திட்டேன், சரியாயிருச்சு"ன்னா.

அவ்வளவு காலமா மனசுல கெடந்த பாரம் எறங்குனாப்ல இருந்துச்சுங்க. தப்ப ஒத்துக்கறதுக்கு ஒரு பெரிய மனசு வேணும். அந்த வெசயத்துல மயிலாத்தாள அடிச்சுக்க ஆளில்ல. நானும் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. அன்னிக்கே மன்னிச்சு உட்டுட்டேன். நீ பழையபடி பொழுதோடவே ஆட்டு புள்ள, இனி நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அப்படியே ஆட்டறா. போனவங்கெல்லாந் திரும்பி வந்துட்டாங்க. தூக்கும் பழையபடி வருது. எங்கூட்டுக்காரரு இப்ப எத்தன தோசை தின்னாலும் போதும்னு சொல்றதில்ல.

நடுவுல ஒரே ஒருக்கா அவ ஓசூருக்குப் பையனப் பாக்கப் போயிருந்தா. படுதா எறக்க ஆளில்ல, நானும் மறந்துட்டேன். அன்னிக்கு மட்டும் லைட்டு பழையபடி கண்ணடிச்சுது. அப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. கிரைண்டரு மோசமா ஓடுனாலும் அதுக்கு ஆகறதில்ல, ஓடாமயே கெடந்தாலும் ஆகறதில்ல. அளவா ஓடோணும். இத அந்தச் சம்பத்துகிட்டச் சொல்லோணும்னு இருக்கறேன், ஆளு கண்ணுல படமாட்டேங்கறான். என்னையக் கண்டா அந்தப்பக்கமாத் திரும்பிப் போறான்.

என்னங்கம்மிணி சிரிக்கறீங்க? வூடு புடிச்சுருச்சுங்களா? சந்தோசம். ஒரே ஒரு வெசயந்தான். நீங்க குடி வந்ததுக்கு அப்பறமும் பொழுதோட அந்தப் படுதாவ எறக்க அவ வருவா. உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, நீங்களே எறக்கிக்கலாம். ஆனா வேண்டாம்னு மட்டுஞ் சொல்லீறாதீங்க. ஆச ஆசையாத் தெச்சது.

இன்னொண்ணு. அதோ, கீழ கேட்டுச் சத்தம், அவதான் வர்றா. நல்லா சிரிச்சுப் பேசுவா, உங்களுக்குப் புடிச்சுப்போயிரும். அவகிட்ட என்ன வேணும்னாலும் பேசுங்க அம்மிணி, அந்த லைட்டப் பத்தி மட்டுங் கேட்டுறாதீங்க. தப்பு அவளுதுங்களே, பாவம், சங்கடப்படுவா.